நாமம் போட்ட வால்

அத்தியாயம் 11

புதன்கிழமை நான் அடித்த ஒரு ஜோக்குக்கு முப்பது பேர் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் அத்தனை பேரை நான் சிரிக்க வைத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் புத்தூரில் எங்கள் ஆபீஸ் மாடிப்படி இறங்கும்போதுகூட அந்தப் பெருமை என் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தால் அந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

என் பெயர் பெரியண்ணன். துப்பறியும் மலர்க்கொடியின் உதவியாளன். அவருக்கு வயது நாற்பத்தாறு, எனக்கு முப்பத்தொன்று. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் புதிதாக வருகிறவர்கள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். மேடம் பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். அவர் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் எதுவும் இதுவரை பொய்த்ததில்லை.

கேஸ் இதுதான். ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. அதன் விமான லேபில் ஆள் நீளத்துக்கு ஒரு போர் விமான மாடல் செய்திருந்தார்கள். போன சனிக்கிழமை காற்று எழும்பாத காலை நேரத்தில், ஜீயபுரத்தில் உழாமல் கிடந்த வயலில், பெங்களூரிலிருந்து வந்த தேர்வுக் குழுவுக்கு முன்னால் அதைப் பறக்கவிட்டார்கள். நன்றாகத்தான் ஏறியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்ப வேண்டிய இடத்தில் பின்பக்கம் வழுக்கி, பம்பரமாகச் சுற்றி, பக்கத்து வாழைத்தோட்டத்தில் விழுந்தது. இது விபத்தல்ல, யாரோ செய்த சதி என்று சொல்லி எங்களை அழைத்தார் லேபின் தலைவர், பேராசிரியர் வீரமலை. சதி என்று நிரூபித்தால் குழு இன்னொரு முறை பார்க்கச் சம்மதித்திருந்தது.

எங்களுக்கு இரண்டு சாட்சிகள் கிடைத்தன. முதலாவது, விழுந்த விமானத்தின் வால் தகடு. உள்ளங்கை அகல அலுமினியம். நடுவில் ஒற்றை வால் அப்படியே நின்றது. அதன் இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு காலி ஸ்க்ரூ ஓட்டைகள். ஓட்டைகளின் விளிம்பு பிய்யவில்லை. யாரோ நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள் என்றார் மேடம்.

இரண்டாவது சாட்சியைக் கண்டுபிடித்தவன் நான். லேப் டெக்னீஷியன் செந்தமிழனின் செல்போன் மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். பறக்கவிட்டதற்கு முந்தின வெள்ளிக்கிழமை இரவு அவர் யாருக்கோ அனுப்பிய மெசேஜ்: "நாமம் போட்டாச்சு. சாருக்குத் தெரியாது. காலையில பறக்கும்போது தெரிஞ்சுக்குவார்." அனுப்பப்பட்ட ஆளின் பெயர் போனில் "வால்" என்று இருந்தது.

புதன்கிழமை மதியம் முப்பது மாணவர்களுக்கு முன்னால் மேடம் அந்த மெசேஜைப் படித்துக் காட்டினார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் செந்தமிழன், நீலக் கோட்டோடு எழுந்து நின்றார்.

"ஆமாம்மா. நாமம் போட்டது நான்தான். ஆனா..."

"ஆனா என்னண்ணே, தீர்த்தமும் சடாரியும் மட்டும் பாக்கியா?" என்றேன் நான்.

லேபே குலுங்கியது. செந்தமிழன் என்னைப் பார்த்தார், சிரிக்கிறவர்களைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நான்காக மடித்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மேடம் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். இன்று மாலை ஐந்து மணிக்கு அதை இணைத்துப் போலீசில் புகார் கொடுப்பதாக வீரமலை சொல்லியிருந்தார். அதற்குள் கூட்டாளியையும் பிடித்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. யார் அந்த வால்?

அந்த நம்பருக்கு நான் கொரியர்காரன் குரலில் பேசினேன். எடுத்த அம்மாள் பாவம், பாதை சொல்லி விலாசமே கொடுத்துவிட்டார். ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் ரோடு, பூஜைச் சாமான் கடை மாடி.

*

ஸ்கூட்டியை மேடம் ஓட்டினார். காவிரிப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒண்ணாம் நம்பர் பஸ். அதன் முதுகை ஒட்டிப் போனவரை காற்றே இல்லை, வண்டி மட்டும் பிடிமானமில்லாமல் தள்ளாடியது. பக்கவாட்டில் விலகியதும் ஆடிக் காற்று முகத்தில் அறைந்தது. அம்மியே பறக்கிற காற்றில் நான் எம்மாத்திரம் என்று சொல்லிச் சிரித்தேன். அன்று நான் சிரித்த கடைசிச் சிரிப்புக்கு முந்தையது அது.

கடைசிச் சிரிப்பு கடை வாசலில். உள்ளே நாமக்கட்டி மலையாகக் குவிந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு ஸ்ரீசூர்ணப் பொட்டலங்கள். "மேடம், இங்க நாமம் ஹோல்சேல்ல கிடைக்குது" என்றேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜோதியம்மாள் எங்களைக் கல்லூரி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார். மகள் சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை, போனைத் தொடுவதில்லை, கொஞ்சம் புத்தி சொல்லிவிட்டுப் போங்கள் என்று மாடிக்கு அனுப்பினார்.

மகளின் பெயர் கலைமதி. கடைசி வருஷ மாணவி. சதிகாரக் கூட்டாளியை எதிர்பார்த்துப் போன எங்கள் முன்னால் அழுது வீங்கிய முகத்தோடு ஒரு பெண் நின்றாள். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"என்னாலதான் விழுந்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சா சார்?"

நான் சட்டைப் பைக்குள்ளேயே ரெக்கார்டிங்கை அழுத்தினேன். வெட்கங்கெட்ட விரல்.

"செந்தமிழன் அண்ணனை ஒண்ணும் சொல்லாதீங்க. நாமம் போடச் சொன்னது நான்தான்" என்றாள்.

வாக்குமூலம் கையில் வந்து விழுந்துவிட்டது என்று நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் முகம் மட்டும் மாறியிருந்தது. புதன்கிழமை கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர் அப்போதுதான் கேட்டார்.

"எதுக்கும்மா நாமம் போடச் சொன்னே?"

"ஒத்தை வாலு பத்தாதுன்னுதான் மேடம்."

அவள் மேஜையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தாள். விமானத்தைப் பின்னாலிருந்து பார்க்கிற படம். உடலின் இரு பக்கத்திலும் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்து இரண்டு வால்கள் நின்றன, அடியில் ஒரு தகடு இரண்டையும் சேர்த்தது. வெளியே தெருவில் போகிற எந்த நெற்றியிலும் பார்க்கக்கூடிய வடிவம். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: நாமம்.

இதை முதல்முதலாகப் பார்த்ததும் செந்தமிழன்தான் அந்தப் பெயரை வைத்தாராம். அடியில் இன்னொரு குட்டி வாலை ஒட்டி ஒருநாள் சோதித்தார்களாம். பாதம் வைத்த நாமமா, வைக்காத நாமமா என்ற வழக்கை மட்டும் லேபுக்குள் கொண்டுவர வேண்டாம் என்று செந்தமிழன் கேட்டுக்கொண்டாராம். கலைமதி இதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். எனக்குக் காது மடல் சுட ஆரம்பித்தது.

மேடம் ஒற்றை வாலில் என்ன குறை என்று கேட்டார். கலைமதி எங்களை எந்த வண்டியில் வந்தீர்கள் என்று கேட்டாள். ஸ்கூட்டி என்றதும் அவள் முகத்தில் பாடம் நடத்துகிற களை வந்தது.

"பாலத்துல பஸ்ஸுக்குப் பின்னாடி வந்திருப்பீங்களே. அங்க காத்து நேரா வராதுல்ல, வண்டி தள்ளாடும். அதேதான் மேடம். போர் விமானம் சட்டுனு திரும்பணும்னா மூக்கை நல்லாத் தூக்கணும். தூக்கினா உடம்பு முன்னாடி மறைச்சுக்கும், நடுவுல நிக்கிற ஒத்தை வாலு அந்த பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டிக்கும். மேல காத்துப் பட்டாத்தான் வாலுக்கு வேலையே. படலைன்னா பின்பக்கம் வழுக்கும், அப்புறம் சுத்தும். ரெண்டு வாலையும் பக்கத்துல தள்ளி நிறுத்தினா பஸ்ஸை விட்டு விலகி வந்த மாதிரி. ரெண்டுக்கும் காத்து கிடைக்கும்."

அப்படியானால் ஒற்றை வாலையே பெரிதாக வைத்தால் போதாதா என்று நான் கேட்டேன். அறிவாளிபோல் கேட்பதில் எனக்கு ஒரு திருப்தி. வால் ரொம்பப் பெரிதானால் விமானம் நேராகப் போகத்தான் ஆசைப்படும், திரும்பச் சொன்னால் அடம் பிடிக்கும் என்றாள் அவள். ரொம்பச் சின்னதானால் நினைத்த பக்கமெல்லாம் திரும்பும், பிடித்து நிறுத்த முடியாது. மூக்கைத் தூக்குவது கிடையாகப் படுத்திருக்கிற இன்னொரு வால். தூக்கிய மூக்கைத் தடம் மாறாமல் காப்பது நிற்கிற வால். பெரிதுக்கும் சின்னதுக்கும் நடுவில் சரியான அளவைக் கண்டுபிடிக்கத்தான் அவள் எட்டு மாதம் செலவழித்திருக்கிறாள். பேராசிரியர் வீரமலை அந்தப் படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார். அவருடைய சொந்த வடிவம் ஒற்றை வால். அதனால்தான் வெள்ளிக்கிழமை இரவு, அவருக்குத் தெரியாமல், செந்தமிழன் இதைப் பொருத்தினார். சனிக்கிழமை இவளுக்குப் பரீட்சை, களத்துக்குப் போகவில்லை. மாலையில் விழுந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வந்தது.

"என் வாலாலதான் விழுந்துச்சு. எந்த மூஞ்சியோட காலேஜுக்குப் போவேன்?"

மேடம் பையிலிருந்து வால் தகட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார். கலைமதி அதைப் பார்த்தபடியே இருந்தாள். நடுவில் நிற்கிற ஒற்றை வாலைத் தொட்டாள். பிறகு ஆள்காட்டி விரலை நான்கு காலி ஓட்டைகளிலும் ஒவ்வொன்றாக வைத்து எடுத்தாள்.

"இது என் வாலோட ஓட்டை மேடம். பறந்தது என் வாலு இல்லையா?"

சதிக்குச் சாட்சி என்று நாங்கள் காட்டிய நான்கு ஓட்டைகள். மோசடிக்குச் சாட்சி என்று நாங்கள் படித்த நாமம். எங்கள் சாட்சி மூட்டையில் இருந்த அத்தனையும் அந்தப் பெண்ணின் மேஜையில் வேறு அர்த்தத்தோடு கிடந்தன. போனில் இருந்த வால் என்ற பெயர் மட்டும் என்ன என்று கேட்டேன். சேட்டை அதிகம் என்பதால் முதல் வருஷத்திலேயே செந்தமிழன் வைத்த பெயர், பிறகு விமான வால் வேலையிலேயே வந்து விழுந்ததும் நிலைத்துவிட்டது என்றாள்.

ஒரு நிமிஷம் அவள் முகம் தெளிந்தது. அடுத்த நிமிஷம் அண்ணன் எங்கே என்று கேட்டாள். மேடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கலைமதி ஆறு நாளாகத் தொடாத போனை எடுத்துப் பார்த்தாள். செந்தமிழனிடமிருந்து பதினொரு அழைப்புகள்.

"விழுந்ததுக்குத் திட்டப் போறார்னு எடுக்கவே இல்லையே" என்றாள்.

படியிறங்கும்போது நாமக்கட்டிக் குவியலை என்னால் பார்க்க முடியவில்லை. செந்தமிழன் என்று பெயர் கொண்ட மனிதர் எழுதிய தமிழை எங்கள் வசதிக்குப் படித்திருக்கிறோம். சொந்தப் புத்தி சறுக்கினால் யாரைத் துப்பறிவது? மேடம் ஸ்கூட்டியைக் கிளப்பாமல் சாவியைப் பிடித்தபடி நின்றார்.

"ஜோக் உன்னுது பெரியண்ணா. கையெழுத்து என்னுது" என்றார்.

*

செந்தமிழன் வீடு எடமலைப்பட்டி புதூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. கலைமதி ஆட்டோவில் எங்களுக்குப் பின்னால் வந்தாள். அவர் ஒரு மேஜை விசிறியைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார், உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கலைமதி நிலைப்படியிலேயே நின்று அழுதாள். "அழாத வால்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பரண்மேல் இருந்து ஒரு துண்டு மூட்டையை இறக்கினார். உள்ளே இரண்டு வால்கள், கீறல்கூட இல்லாமல். கலைமதி பண்ணியது, குப்பையில் போட மனசு வரவில்லை என்றார். மேடம் தகட்டை நீட்டினார். ஓட்டைகள் இம்மி பிசகாமல் பொருந்தின.

மேடம் இரண்டு கையையும் கூப்பினார். அவர் யாரிடமும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"தப்புப் பண்ணிட்டோம்ண்ணே. அன்னைக்கு 'ஆனா'ன்னு ஆரம்பிச்சீங்க. அதுக்கப்புறம் என்ன சொல்ல வந்தீங்க? இந்த வாலைக் கழட்டினது யாரு?"

செந்தமிழன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அதை இங்க சொல்ல மாட்டேம்மா. முப்பது பேரு முன்னாடி ஆரம்பிச்ச பேச்சு. அதே இடத்துல, அதே புள்ளைங்க முன்னாடி, இந்தத் தம்பி அந்த ஜோக்கைத் திரும்பச் சொல்லட்டும். எல்லாம் தெரிஞ்சப்புறம் எத்தனை பேரு சிரிக்கிறாங்கன்னு பாத்துட்டு மீதியைச் சொல்றேன்."

மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருந்தால் ஓடிப்போய்க் கேட்டிருப்பேன். மன்னிப்புக்கு நான்கைந்து நல்ல வாக்கியங்கள் வழியிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது அதுவல்ல. மணி மூன்றரை. நான் தலையை ஆட்டினேன்.

*

நாங்கள் லேபுக்குள் நுழைந்தபோது மணி நாலேகால். வீரமலையின் மேஜையில் புகார் மனுவும் மேடத்தின் ரிப்போர்ட்டும் ஒன்றாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தன. செந்தமிழனையும் கலைமதியையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் எழுந்தார், பிறகு என்ன நினைத்தாரோ உட்கார்ந்துவிட்டார். நடு மேஜையில் இரண்டாவது முயற்சிக்காகச் செய்த புதிய விமான உடல் வாலில்லாமல் கிடந்தது. சுற்றிலும் அதே முப்பது பேர்.

மேடம் நேரத்தை வீணாக்கவில்லை. தகட்டைத் தூக்கிக் காட்டினார், இரண்டு வாலையும் அதில் பொருத்திக் காட்டினார். மெசேஜில் இருந்த நாமம் இதுதான், தான் படித்தது தப்பு, தன் ரிப்போர்ட்டும் தப்பு என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். குத்தியிருந்த ரிப்போர்ட்டைப் பிரித்து, போட்ட கையெழுத்தை அடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

மேஜை ஓரத்தில் அந்த நீலக் கோட் புதன்கிழமை மடித்துவைத்தபடியே இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆமா, நாமம் போட்டது நான்தான்" என்றார் செந்தமிழன், அன்றைய அதே குரலில். "ஆனா..."

"ஆனா என்னண்ணே," என்றேன். "தீர்த்தமும்... சடாரியும் மட்டும் பாக்கியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான், அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் குனிந்துகொண்டாள். ஜோக் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை. அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் முடியவில்லை.

செந்தமிழன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"ஆனா, காலையில கழட்டினதும் நான்தான்."

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். கழற்றியது வேறு யாரோ என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருந்தோம்.

"வயல்ல வெச்சு சார் பாத்தார். எடுத்துட்டு ஒத்தை வாலைப் போடுன்னார். மூக்கைத் தூக்கினா வழுக்கும்னு எனக்குத் தெரியும். இந்தப் பொண்ணு மூணு மாசமா என்கிட்ட அதையேதான் சொல்லிட்டிருந்துச்சு. 'வேணாம் சார்'னு ஒரு வார்த்தை நான் சொல்லலை. இருபத்திரண்டு வருஷமா சொன்னதைச் செஞ்சே பழகிட்டேன். அன்னைக்கு நீங்க சிரிச்சப்ப, இது எனக்கு வேண்டியதுதான்னு நெனச்சுத்தான் போனேன்."

எல்லோரும் வீரமலையைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டவில்லை.

"ஒத்தை வாலே போதும்னு பேப்பர்ல எழுதிட்டேன். ஒரு ஸ்டூடண்டோட வால்ல பறந்துட்டா என் எழுத்துக்கு என்ன மரியாதைன்னு தோணுச்சு" என்றார். "விழுந்ததும் சதின்னு சொல்லிட்டேன். யாரையாவது மாட்டிவிடணும்னு நெனக்கலை. ஆனா மாட்டினப்ப தடுக்கலை."

புகார் மனுவை அவரே கிழித்தார். அங்கேயே பெங்களூருக்குப் போன் போட்டு, விழுந்ததற்குக் காரணம் சதியல்ல, தான்தான் என்றும், தான் கழற்றச் சொன்ன வால் கலைமதியுடையது என்றும் சொன்னார். குழுவினர் அந்தப் பெண்ணின் வரைபடத்தை அனுப்புங்கள், பார்த்துவிட்டு வருவதா வேண்டாமா என்று சொல்கிறோம் என்றார்கள். அவ்வளவுதான் கிடைத்தது. கலைமதி உடனே வரைபடத்தை அனுப்ப உட்கார்ந்தாள்.

செந்தமிழன் கோட்டை உதறிப் போட்டுக்கொண்டார். பையிலிருந்து நான்கு ஸ்க்ரூவை எடுத்தார். இரண்டு வாலையும் புதிய உடலின்மேல் நிறுத்திவிட்டு, பிடித்துக்கொள்ள யாராவது வேண்டும் என்பதுபோல் சுற்றிப் பார்த்தார். முப்பது பேர் கை நீட்டினார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

நான் போய் இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் முதல் ஸ்க்ரூவை வைத்து, திருகுவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, வாலை ஆட்டாமப் பிடிங்க."

முப்பது பேரும் சிரித்தார்கள். மேடம்கூடச் சிரித்தார். நான் வாலை ஆட்டாமல் பிடித்துக்கொண்டேன்.